சப்பாத்து வாசல்

அந்த உணவகத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் காண்பது அனோஜாவின் உச்சந்தலையைத்தான். கதவுக்கு உள்ளே ஒரு படி உயரத்தில் பலகைத் தளம் இருந்தது. அதன் விளிம்பில் அவள் கிமோனோ என்கிற ஜப்பானிய அங்கியோடு முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக் குனிந்திருப்பாள். வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேலே ஏறிப் போனதும், ஒவ்வொரு சோடியாக எடுத்து, முனை கதவைப் பார்க்கிற மாதிரித் திருப்பி அடுக்க வேண்டும். திரும்பிப் போகிறவர் சிரமப்படாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம். அது ஜப்பானிய மரியாதை என்று முதலாளி றமேஸ் அண்ணை சொல்லியிருந்தார்.

மார்கழி மாதத்து ரொறொன்ரோவில் சப்பாத்து என்றால் சும்மா சப்பாத்தா? முழங்கால்வரை ஏறிய பூட்ஸ், அடியில் அப்பிய பனிச்சேறு, தெருவில் கொட்டிய உப்புக் காய்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்த தோல், உள்ளேயிருந்து வெக்கையோடு வருகிற காலுறை நாற்றம். வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்தும் இதைத்தான் தூக்க வேண்டும். உப்புப் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்தன. கையுறை போட அனுமதியில்லை. அருவருப்புப் படுகிற மாதிரி இருக்குமாம்.

பன்னிரண்டு வருடம் ஒசாக்காவில் இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்தவர் றமேஸ் அண்ணை. சொந்த ஊர் பருத்தித்துறைப் பக்கம். அவருடைய கடையில் மருந்துக்கும் ஒரு ஜப்பானியர் கிடையாது. மீன் வெட்டுகிறவர் வியட்நாம்காரர். கோப்பை கழுவுகிற மரியோ மணிலாவிலிருந்து வந்தவன். இறாலை மாவில் தோய்த்துப் பொரிக்கிறவன் அனோஜாவின் கணவன் கஜீவன். ஆனால் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கைகாலை ஆட்டித் தேகாப்பியாசம் செய்ய வேண்டும். யார் உள்ளே வந்தாலும் தொண்டை கிழிய ஜப்பானிய மொழியில் வரவேற்க வேண்டும். பெரியவர் கிளம்பும்வரை சின்னவர் கிளம்பக் கூடாது. அந்தக் கடையில் பெரியவர் என்றால் றமேஸ் அண்ணை, மற்ற எல்லோரும் சின்னவர்.

விட்டுவிட்டுப் போவதற்கு வழியில்லை. கஜீவனின் வேலை அனுமதியில் இந்தக் கடையின் பெயர்தான் இருந்தது. வேறு எங்கேயும் போய் அவன் ஒரு கோப்பை கழுவினாலும் சட்டப்படி குற்றம். அனோஜாவின் அனுமதி கஜீவனுடையதில் தொங்கியது. ஆறு வயது யதுஷாவின் பள்ளிக்கூடம் இரண்டிலும் தொங்கியது. மாசி மாதத்தோடு அந்த அனுமதி முடிகிறது. நீடிப்பதற்கு றமேஸ் அண்ணை மனம் வைக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் அவர், "பாப்பம், பாப்பம்" என்று சிரிப்பார்.

கனடாவுக்குப் போய்க் கனடாக்காரி ஆகப்போகிறாள் என்றுதான் அனோஜாவை ஊரில் விமானம் ஏற்றிவிட்டார்கள். அவள் வந்து ஜப்பான்காரி ஆகிக்கொண்டிருந்தாள். போனகிழமை வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் இருக்கிற நிலவறை வீட்டுக்குத் திரும்பியபோது, கதவடியில் கிடந்த சப்பாத்து, செருப்பு எல்லாவற்றையும் யதுஷா முனை திருப்பி வரிசையாக அடுக்கிவிட்டு, முழந்தாளிட்டுக் குனிந்து, "அம்மா மாதிரி!" என்று சிரித்தாள். பிள்ளை ஆசையோடு செய்த விளையாட்டு. அனோஜா அவளை எட்டி அடித்துவிட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இவ்வளவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஊரில் இருக்கிற தங்கச்சி துர்க்காவின் சம்பந்தம் வந்து குறுக்கே நின்றதுதான் பிரச்சினை.

துர்க்காவுக்கு முப்பத்தொரு வயது. மூன்று சம்பந்தம் பேச்சளவில் வந்து திரும்பியிருந்தது. நாலாவதாக ரொறொன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கிற பாக்கியராசா, புஸ்பராணி தம்பதியின் மகன் பிரதாபனுக்குச் சாதகம் பொருந்தி வந்தது. பெடியனும் பெட்டையும் தொலைபேசியில் கதைத்துப் பிடித்துப்போய்விட்டது. தையில் கலியாண எழுத்து வைப்போம் என்று புஸ்பராணியே வாயால் சொல்லிவிட்டார். ஊரில் அம்மா அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நித்திரை கொள்கிறார்.

கோயிலில் முதல்முறை சந்தித்தபோது, "என்ன வேலை பிள்ளையள்?" என்று புஸ்பராணி கேட்டார். கஜீவன் முந்திக்கொண்டான். "நான் ஜப்பான் ரெஸ்ரோறன்ற் ஒண்டில செஃப் அன்ரி. அனோஜா அங்கையே றிசெப்சன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். விடைபெறும்போது, "ஒருநாளைக்குக் குடும்பமா எங்கட கடைக்கு வாங்கோவன்" என்றும் சொல்லிவைத்தான். எங்கள் சனத்துக்கு வாங்கோ என்று சொல்லாமல் விடைபெறத் தெரியாது. அதைக் கேட்டு யாரும் வருவதும் இல்லை. புஸ்பராணி நல்ல மனுசி, வருவதென்று முடிவு எடுத்துவிட்டார். பிரதாபனின் பிறந்தநாள், சனிக்கிழமை மத்தியானம், உள்ளறையில் ஆறு பேருக்கு இடம்.

வியாழக்கிழமை கஜீவன் அதை வீட்டில் சொன்னான்.

"வாசலில இருந்து ஆக்களை வரவேற்கிறது றிசெப்சன்தானே, அனோ. அதில என்ன பொய் இருக்கு?"

"அப்ப நீங்களே வந்து இருங்கோவன் றிசெப்சனில. அந்த மனுசியின்ர பூட்ஸை நீங்களே கழட்டுங்கோ." குரல் ஏறிவிட்டது. யதுஷா திரும்பிப் பார்த்தாள். அனோஜா குரலைத் தாழ்த்தினாள். "சம்பந்தி வீட்டாற்ற செருப்பைப் பொம்பிளையின்ர தமக்கை தூக்கி வைக்கிறதைக் கண்டால், அந்தச் சனம் துர்க்காவை என்னெண்டு மதிக்கும்? சொல்லுங்கோ."

கஜீவன் எண்ணெய் தெறித்த முழங்கையைத் தடவிக்கொண்டு இருந்தான்.

மரியோதான் ஒரு வழி சொன்னான். சனிக்கிழமை அவன் வாசலைப் பார்ப்பான், அவள் கோப்பை கழுவலாம். அவனுக்குச் சப்பாத்தும் ஒன்றுதான் சட்டியும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன்னர் அனோஜா றமேஸ் அண்ணையிடம் போனாள்.

"அண்ணை, நாளைக்கு ஒருநாள் மட்டும் நான் உள்ளுக்கு நிக்கட்டே? மரியோ வாசலைப் பாக்கிறன் எண்டவன்."

"ஏன் பிள்ளை?"

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கச்சியின் வயது, திரும்பிப்போன சம்பந்தங்கள், றிசெப்சன் என்று சொன்னது, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உதில என்ன வெக்கம்? ஒசாக்காவில நான் மூண்டு வருசம் சப்பாத்துத் திருப்பினனான். முதலாளியின்ர தாய், எம்பது வயசு மனுசி, எனக்குப் பக்கத்தில முழந்தாளில இருந்து திருப்புவா. உது அவையின்ர பண்பாடு. ஒரு நாட்டின்ர சாப்பாட்டை வித்து உழைக்கிறம் எண்டால் அந்தப் பண்பாட்டையும் பழகவேணும்."

ஒசாக்காவில் முதலாளியின் தாயே திருப்பினாளாம். இங்கே முதலாளி ஒருநாளாவது திருப்பி அவள் கண்டதில்லை. அதைக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மாசி மாதம் நினைவுக்கு வர விழுங்கிக்கொண்டாள்.

"மரியோ கிமோனோ கட்டிக்கொண்டு இருந்தால் என்ன வடிவு, சொல்லும் பாப்பம்?" என்று பகிடி விட்டார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, கஜீவனுக்கும் கேட்கிற மாதிரி, "நாளைக்குக் காய்ச்சல் தடிமன் எண்டு ஒருதரும் போன் அடிக்கக் கூடாது. அடிச்சால் மாசியைப் பற்றியும் என்னட்டைக் கேக்கக் கூடாது" என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதனால் இன்னொரு பொய் தேவைப்பட்டது. அனோஜாவுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருக்கிறாள் என்று கஜீவன் புஸ்பராணிக்குச் சொல்லிவிட்டான். அவள் வாயையும் மூக்கையும் மூடி முகக்கவசம் போடுவாள்; ஜப்பானில் அது வழக்கம் என்பதால் றமேஸ் அண்ணை தடுக்கமாட்டார். கொண்டையும் கிமோனோவும் குனிந்த தலையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. வெளியே பனி கண்ணைக் கூச, கடைக்குள் சனம் நிறைந்திருந்தது. ரூஜ்காரர் வந்தபோது அனோஜா நெற்றி தரையில் முட்டுமளவுக்குக் குனிந்தாள். அவள் கண்டதெல்லாம் கால்கள்தான். பாக்கியராசாவின் கறுப்புச் சப்பாத்து, பிள்ளைகளின் விளையாட்டுச் சப்பாத்துகள், கடைசியாகப் புஸ்பராணியின் மண்ணிற பூட்ஸ். அதன் சிப் பாதியில் இறுகிக்கொண்டது. பழக்கத்தில் அனோஜாவின் கை போய் அதை இழுத்துவிட்டது.

"தாங்க் யூ, தாங்க் யூ" என்றார் புஸ்பராணி. யாரோ ஒரு அந்நியப் பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி, அன்பாகச் சொன்னார்.

"வாவ் அம்மா, திஸ் இஸ் சோ ஓதென்ரிக்" என்று அசல் ஜப்பானையே கண்டவன் மாதிரி வியந்து, பிரதாபன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்தான்.

தப்பிவிட்டாள். இரண்டு மணித்தியாலம் அவர்கள் உள்ளறையில் சிரித்துப் பேசுவது கேட்டது. கஜீவன் தட்டோடு போய் நின்றபோது புஸ்பராணி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அனோஜாவுக்கு இப்ப எப்பிடி?"

"கொஞ்சம் பரவாயில்லை அன்ரி."

"காய்ச்சலுக்குச் சுடச்சுட என்னத்தையும் குடிக்கவேணும். உந்தச் சூப்பில ஒண்டு கட்டித் தாரும். போற வழியில நாங்களே குடுத்திட்டுப் போறம். பிள்ளையைப் பாத்தமாதிரியும் இருக்கும்."

"இல்லை அன்ரி, உங்களுக்கு ஏன் கரைச்சல்..."

"இதில என்ன கரைச்சல்? நாளைக்கு ஒண்டுக்க ஒண்டாகப் போற ஆக்கள்."

வாசலில் இருந்த அனோஜாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. இப்படி ஒரு மாமியார் துர்க்காவுக்குக் கிடைக்கப்போகிறாள் என்று நெஞ்சு நிறைந்தது. எழுந்துபோய், அன்ரி, நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒருமுறை நினைத்தாள். கதவு திறந்தது. புதிதாக நாலு பேர் வந்தார்கள். குனிந்தாள்.

றமேஸ் அண்ணை பாக்கியராசாவோடு ஊர்க்கதை பேசிக் களைத்து, அவர்களை வழியனுப்பத் தானே வாசல்வரை வந்தார். இரண்டாவது பொய் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயை மூடியிருப்பார் என்று சொல்ல முடியாது.

"கண்டியளே, எப்பிடி அடுக்கியிருக்கு எண்டு! ஜப்பானில கூட இப்ப இந்த வடிவைக் காணமாட்டியள். எங்கட பிள்ளைதான். அனோஜா, மாஸ்க்கைக் கழட்டும். சம்பந்திமாரிட்டை ஒளிக்க என்ன இருக்கு?"

அவள் கழற்றவில்லை. புஸ்பராணி மெல்லக் குனிந்து அவளுடைய கண்களைப் பார்த்தார். அவருடைய கையில் சூப் கட்டிய பை இருந்தது.

புஸ்பராணி பையைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்துவிட்டு, தன் பூட்ஸைத் தானே எடுக்கக் கையை நீட்டினார். அனோஜா அதை விடவில்லை. றமேஸ் அண்ணை தலைக்கு மேலே நின்றார். பூட்ஸ் இரண்டு பேருடைய கைகளுக்கும் நடுவே நின்றது.

"விடும் பிள்ளை. நீர் தொடக் கூடாது."

"அன்ரி, விடுங்கோ... அண்ணை பாக்கிறார்."

புஸ்பராணி நிமிர்ந்து றமேஸ் அண்ணையைப் பார்த்தார். பிறகு அனோஜாவைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு காலை நீட்டினார். அனோஜா பூட்ஸைப் போட்டு, இறுகிய சிப்பைக் கணுக்காலிலிருந்து மேலே இழுத்தாள்.

"இஞ்ச வந்த புதுசில நானும் ஹொட்டேலில கக்கூஸ் கழுவினனான்," என்றார் புஸ்பராணி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "வேலைக்கு ஆர் என்ன சொல்லப்போகினம்? காய்ச்சல் எண்டு என்னட்டை ஏன் பொய் சொன்னனியள்?"

அனோஜா மற்றக் காலுக்கான பூட்ஸை எடுத்து நீட்டினாள்.

"தையில எண்டது... அவசரமில்லை. ஆறுதலாப் பாப்பம், என்ன? அம்மாவுக்கு நான் சொல்லி அனுப்புறன்."

அப்படிச் சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று துர்க்காவின் அம்மாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மூன்று முறை அதே பதிலைக் கேட்டவர். புஸ்பராணி பாக்கியராசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பிரதாபன் ஒன்றும் விளங்காமல், "பாய்" என்று கையசைத்தான்.

"பிள்ளை, வெளியில" என்றார் றமேஸ் அண்ணை.

உள்ளறையில் சாப்பிட்டவர்களை வெளியே வந்து வழியனுப்ப வேண்டும். அவர்களுடைய கார் கண்ணுக்கு மறையும்வரை இடுப்பை மடித்துக் குனிந்து நிற்க வேண்டும். முந்தி நிமிர்ந்தால் வந்தவரை அவமதித்த மாதிரி. அனோஜா அந்த மெல்லிய கிமோனோவோடு பனிக்குள் இறங்கி, கைகளைத் தொடையில் வைத்துக் குனிந்தாள். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துவது கேட்டது. எஞ்சின் இயங்கிற்று. சில்லுகள் உப்பை நெரித்துக்கொண்டு நகர்ந்தன.

கடைத்தொகுதியின் வாயிலில், லோறன்ஸ் தெருவுக்கு ஏறுகிற இடத்தில், சிக்னல் சிவப்பில் விழுந்தது. கார் அங்கேயே நின்றது. அதற்குள் இருந்து புஸ்பராணி புருசனிடம் எதையோ சொல்லிக்கொண்டிருப்பார். அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அனோஜாவுக்குத் தெரிந்தது தன்னுடைய கால் விரல்களும் அவற்றைச் சுற்றியிருந்த பனியும் மட்டும்தான். கொஞ்சம் தலையைத் தூக்கினாள்.

பின்னாலிருந்து றமேஸ் அண்ணை கண்ணாடிக் கதவை விரலால் இரண்டு தரம் தட்டினார். கார் இன்னும் போகவில்லை. அவள் திரும்பவும் குனிந்தாள்.