தலையில் அடித்த சத்தியம்

அவள் கூந்தல் சுகந்தியின் கைக்குள் இருக்கிறது, என் மகளின் கூந்தல், பதினாறு வருஷமாக எண்ணெய் வைத்துச் சிடுக்கெடுத்து நான் வளர்த்த கூந்தல், அதை என் நாத்தனார் சுகந்தி கொத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே பிளாஸ்டிக் வாளியில் தர்ஷிகா வாந்தி எடுக்கிறாள், ஆஸ்பத்திரி ஜன்னலில் மத்தியான வெயில், நான் கதவோரத்திலேயே நிற்கிறேன், பிராந்தி வாடை மூக்கில் ஏறுகிறது, அதற்கு முன்னாலேயே அந்தக் கையைப் பார்த்து என் வயிறு எரிகிறது, பரீட்சை முடிந்த கொண்டாட்டமாம், தோழி வீட்டு மாடியாம், குளிர்பானத்தில் கலந்து குடித்தார்களாம், நாக்கு குழற ஆரம்பித்ததும் இவள் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டிருக்கிறாள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் என்னை விட்டுவிட்டு ஊரின் அந்தக் கோடியில் இருப்பவளை, எப்போதும் அப்படித்தானே, நடை பழகும்போதே என் கையை உதறிவிட்டு அவளிடம் ஓடினாள், வயசுக்கு வந்ததைக்கூட அவளிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள், அன்றைக்கு நான் அழுததைச் சந்தோஷம் என்று எல்லாரும் நினைத்தார்கள், தனக்கென்று ஒன்று இல்லாதவள் என் பெண்ணைக் கொத்திக்கொண்டு போகிறாளே என்று அழுதேன்.

கூட இருந்த பிள்ளைங்க தூங்கினா தெளிஞ்சிரும்னு மல்லாக்கப் படுக்க வெச்சிருக்காங்க, இவங்க போய் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சதால பொழச்சா, இல்லன்னா வாந்தி மூச்சுக்குழாய்ல அடைச்சிருக்கும், சின்ன உடம்பும்மா, தாங்காது என்கிறார் டாக்டர், இவங்க என்று காட்டுவது சுகந்தியை, எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை, ஏண்டி என்னைக் கூப்பிடல, அவளா உன்னைப் பெத்தா என்று கட்டிலைப் பார்த்துக் கத்துகிறேன், சுகந்தி என் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறாள், அண்ணி, இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, ஆட்டோவுல வர்ற வழியெல்லாம் ஒரே புலம்பல், அம்மா செத்துருவாங்களா அத்தை, அம்மா செத்துருவாங்களான்னு.

போன தீபாவளி, பெரியப்பா மகனின் பீர் டம்ளர் தர்ஷிகா கையில், கன்னத்தில் ஒன்று வைத்தேன், தரதரவென்று சாமி அறைக்கு இழுத்துப்போனேன், இவள் கையை எடுத்து என் தலையில் வைத்து, சத்தியம் பண்ணு, இனிமே தொட்டா அம்மா செத்துருவேன், சொல்லு என்றேன், சொன்னாள், யார் கொடுத்தார்கள், ஏன் வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல், பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன், என்னைக் கொன்றுவிட்டதாக நினைத்த பிள்ளை என்னையே எப்படிக் கூப்பிடும்.

ராத்திரி கட்டிலோரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அதே வாளி, அதே கூந்தல், பிடித்திருக்கும் கை ஒரு தடவை என்னுடையது, ஒரு தடவை சுகந்தியுடையது, விழித்தால் காலை, தர்ஷிகா கண்ணைத் திறந்து, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிறாள், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து என் தலையில் வைக்கிறேன், அந்தச் சத்தியத்தை நானே திரும்ப எடுத்துக்கிட்டேன்டி, நான் சாக மாட்டேன், குடிக்கறது தப்புதான், அதுல மாத்தமில்ல, ஆனா எங்க இருந்தாலும், எந்த நெலமைல இருந்தாலும் கூப்பிடு, வந்து கூட்டிட்டு வரேன், திட்டறத மறுநாள் வெச்சுக்கறேன், நெசமாவாம்மா என்கிறாள், நெசமா, அவள் கை என் தலையை விட்டு விலகவில்லை, விரல்கள் என் முடிக்குள் நுழைந்து மெதுவாகச் சிடுக்கெடுக்கின்றன, நிமிர்ந்து பார்த்தால் கதவோரத்தில் கஞ்சித் தூக்கோடு சுகந்தி, உள்ளே வராமல், நான் நேற்று நின்ற அதே இடத்தில், அவள் கண் என் மகளின் கைமேலேயே இருக்கிறது.