பேக்கிங் மாற்றிய ஞாயிறு

ஆறரை மணிப் பூசை முடிந்து பிரிஸில்லா கோயிலிலிருந்து திரும்பியபோது, அவள் கணவன் ரெமிஜியஸ் வண்டிக்கடியில் பழைய பிளாஸ்டிக் பேசினை வைத்து என்ஜின் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தான். அவள் மூடி வைத்துவிட்டுப் போன காபியை அவன் தொட்டிருக்க மாட்டான் என்று குனிந்திருந்த முதுகைப் பார்த்தே தெரிந்தது. பொம்மனஹள்ளியில் அந்த வீட்டுக்காரர் பார்க்கிங்குக்கென்று விட்டிருந்த இடம் இரண்டு வண்டிக்கே போதாது. அதில் பாதியை ஸ்பேனரும் சாக்கும் பரப்பி அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

வேலை என்னவோ சின்னதுதான். பத்து வருஷத்து மோட்டார் பைக். அதன் வலது பக்கக் கிளட்ச் கவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் அட்டை கனத்தில் ஒரு பேக்கிங் இருக்கும். ஏழு மாதம் ஓடாமல் நின்றதில் அது காய்ந்து போய், ஓரமெல்லாம் ஆயில் கசிந்தது. பதினாலு வருஷமாகச் சர்வீஸ் சென்டரில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற காரியம். ஆனால் அவன் அதை நேற்று ராத்திரியே பெரிய பரீட்சையாக ஆக்கிவிட்டான்.

"நானே தனியா மாத்தறேன். பத்து நிமிசம் என்ஜின ஓட விடுவேன். கீழ ஒரு சொட்டு ஆயில் விழலன்னா திங்கக்கெழம பழையபடி ஃப்ளோருக்கு, வண்டி வேலைக்கே போறேன். விழுந்துச்சுன்னா நீ சொல்ற மாதிரி கவுண்டர்ல குந்திக்கறேன். அதுக்கப்புறம் இதப் பத்திப் பேச்சே கெடையாது பிரிஸி."

மேனேஜர் கோவிந்தப்பா நல்ல மனிதர். திங்கட்கிழமை வந்துவிடு, பழையபடி வண்டி வேலையா, இல்லை ஸ்பேர்ஸ் கவுண்டரில் உட்காருகிறாயா, நீயே சொல் என்று கேட்டிருந்தார். கவுண்டர் என்றாலே ரெமிஜியஸுக்கு முகம் கறுத்துவிடும். பேனா பிடித்து உட்காருகிறவனை மெக்கானிக் என்று யார் சொல்வார்கள் என்பான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஹெப்பகோடி பக்கம் வண்டியில் போனபோது ஒரு டெம்போவின் திறந்திருந்த பின்கதவு அவன் வலது முழங்கையைக் கிழித்துவிட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும், அவற்றையொட்டிய உள்ளங்கை ஓரமும் மரத்துக் கிடந்தன. உணர்ச்சி மெதுவாக வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். போன மாதம் கண்ணை மூடச் சொல்லி விரலில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். அவன் இமை முழுக்க மூடியிருக்கவில்லை என்பதைப் பக்கத்தில் நின்ற பிரிஸில்லா பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் வேலை பார்ப்பது கார்மென்ட்ஸில், செக்கராக. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டையைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். அன்றைக்கு மட்டும் ஒட்டாமல் விட்டுவிட்டாள். அந்தக் குற்றம் ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

பழைய கார்ட்போர்டில் கவரின் வடிவத்தை வரைந்து, எட்டு இடத்தில் துளை போட்டு, கழற்றிய எட்டு போல்ட்டையும் அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருந்தான். ஒவ்வொன்றும் ஒரு நீளம், மாறினால் வம்பு. ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கவரைப் பிரித்தான். காய்ந்து ஒட்டியிருந்த பேக்கிங்கைப் பிளேடால் பொறுமையாகச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்தான். புதுப் பேக்கிங்கில் கிரீஸைத் தடவிப் பொருத்தினான். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. காபியைச் சுடவைத்துக் கொண்டுவந்த பிரிஸில்லா படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ மேல போயேன்."

"இருக்கறேன். உங்கள ஒண்ணும் பண்ணல."

போல்ட் மாட்டும்போது அடுத்ததைச் சுண்டுவிரல் மடிப்பில் இடுக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் முதலாவதைத் திருகுவது அவன் பழக்கம். அப்படித்தான் இன்றைக்கும் இரண்டை எடுத்தான். முதலாவதைத் திருகிக்கொண்டிருக்கும்போதே மடிப்பிலிருந்த போல்ட் நழுவிச் சாக்கின் மேல் விழுந்தது. சாக்கு என்பதால் சத்தமில்லை. அவன் அந்த இரண்டு விரலையும் இறுக மடக்கியபடியே, இல்லாத போல்ட்டைப் பிடித்துக்கொண்டு, வேலையைத் தொடர்ந்தான். பிரிஸில்லா சட்டென்று எட்டி அதை எடுத்து, அட்டையில் எந்தத் துளையிலிருந்து அவன் உருவினானோ அதே துளையில் குத்திவிட்டாள். அவன் கையை விரித்தான். வெறும் கை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அட்டையைப் பார்த்தான். போல்ட்டை எடுத்து மாட்டினான். அவளும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற ஸ்னேஹா சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற பெண்.

"அண்ணா, டூல்ஸெல்லாம் வெளியதான் இருக்கு. கையோட என் ஸ்கூட்டர் பிரேக்கும் டைட் பண்ணிக் கொடுத்துடுங்களேன். நாளைக்கு ஃப்ளைஓவர்ல போகணும், பயமா இருக்கு."

"வெச்சிட்டுப் போம்மா. இது முடிஞ்சதும் பாத்துடறேன்."

"இன்னிக்கு வேணாம் ஸ்னேஹா," என்றாள் பிரிஸில்லா.

"பரவால்லக்கா, சாயங்காலம்கூட..."

"வேணாம். மூலைல இருக்கற கடைல குடு. அவங்க பாப்பாங்க."

ஸ்னேஹா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனாள். ரெமிஜியஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"என்னாத்துக்கு அவகிட்ட அப்படிச் சொன்ன?"

"பிரேக்கு."

"பிரேக்குன்னா?"

அவள் காபி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். பதில் சொன்னால் ஏழு மாதமாகச் சொல்லாத எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"சரி," என்றான். "பத்து நிமிசத்துல தெரிஞ்சிடப் போவுது."

டி ஸ்பேனரை எடுத்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க ஆரம்பித்தான். கல்யாணமான புதிதில் அவனிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள், எவ்வளவு இறுக்கினால் போதும் என்று எப்படித் தெரியும் என்று. ஸ்பேனர் பிடி அழுந்துகிற இந்த ஓரம் சொல்லும் என்று உள்ளங்கை விளிம்பைக் காட்டினான். அப்போதெல்லாம் தெருவில் போகிறவனோடு கதையடித்துக்கொண்டே இறுக்குவான். வண்டிப் பக்கம் திரும்பக்கூட மாட்டான். இப்போது ஒவ்வொரு போல்ட்டையும் முறைத்துப் பார்த்தான். உதடு அசைந்தது. கால் சுற்று, அரைச் சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்தான். கை சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது கண்ணும் கணக்கும் சேர்ந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தன. மூன்று தரம் சுற்றி வந்து இறுக்கினான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கிக்கர், கிளட்ச் கேபிள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. புது ஆயிலை ஊற்றினான். என்ஜினுக்கு அடியில் நேற்றைய செய்தித்தாளை இரண்டாக மடித்து விரித்தான். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பிரிஸில்லாவும் செய்தித்தாளையே பார்த்தாள். காலையில் கோயிலில் என்ன வேண்டிக்கொள்வது என்று புரியாமல் வெறுமனே கைகூப்பி நின்றிருந்தாள். இப்போது புரிந்தது. ஒரு சொட்டு விழட்டும் மாதாவே என்று வேண்டினாள். கட்டினவனின் வேலை கெட்டுப்போகட்டும் என்று வேண்டுகிறோமே என நினைக்கவே நெஞ்சு வலித்தது. ஆனாலும் விடாமல் வேண்டினாள். ஒரே ஒரு சொட்டு. கடுகளவு போதும். அவன் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு ஆயுசுக்கும் அவளை முறைத்தாலும் பரவாயில்லை.

ஐந்து நிமிடம். எட்டு. என்ஜின் சூட்டில் காற்று நெளிந்தது. பத்தாவது நிமிடம் சாவியைத் திருப்பி அணைத்தான். வண்டி அடங்கியதும் தெருவில் காய்கறி வண்டிக்காரனின் குரல் கேட்டது. செய்தித்தாள் விரித்தபடியே இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பாரு," என்றான். இவ்வளவு நாளில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. "வந்து பாரு பிரிஸி. கவர் ஓரத்தத் தொட்டுக் காட்டட்டுமா? பவுடர் போட்ட மாதிரி இருக்கு."

வண்டியின் வலது பக்கம் குனிந்து, கையை நீட்டி, கவரின் கீழ் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே போனான். அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள். அவன் சொன்னது நிஜம். விளிம்பு உலர்ந்திருந்தது. அதற்குக் கீழே வளைந்து போகிற சைலன்சர் குழாயின் மேல் அவன் சுண்டுவிரல் சௌகரியமாகச் சாய்ந்திருந்தது.

"எப்படி?" என்று அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். விரல் அங்கேயே இருந்தது.

மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். கை கழுவ வைத்திருந்த பக்கெட்டிலிருந்து மக்கில் தண்ணீரை மொண்டு அவன் கையில் ஊற்றினாள். மறுபடியும் மொண்டு ஊற்றினாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே அவள் பார்க்கிற இடத்தைத் தானும் பார்த்தான். சுண்டுவிரலின் ஓரம் நீளமாக வெளுத்து எழும்பியிருந்தது. பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவள் ஊற்ற ஊற்றத் தண்ணீர் அந்த விரல் வழியாக வழிந்து, அதுவரை ஒரு சொட்டும் விழாத செய்தித்தாளில் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவியது.