அடுத்த கொழுந்து

"ஒரே ஒரு வாக்கியம்தானேம்மா? கையெழுத்தப் போட்டுட்டு ஜெர்மனிக்குக் கெளம்புற வழியப் பாரு" என்றார் பேராசிரியர் தனசிங்.

இருவர் பேரிலும் வரவிருந்த ஆய்வுக் கட்டுரையின் அந்த ஒரு வாக்கியம் இதுதான்: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கவனம் நிலைப்பதில்லை.

மூளையும் கவனமும் பற்றிய ஆராய்ச்சியில் ஜோவிதா அப்போதுதான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். அடுத்து ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் என்னும் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வியாழக்கிழமை நேர்காணல். கைடாக இருந்த தனசிங் சிபாரிசுக் கடிதத்தில் நல்லபடியாக நாலு வரி எழுதாவிட்டால் அங்கே எவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த நாலு வரிக்கு விலை, கட்டுரையில் அவள் கையெழுத்து.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடம் அது. குன்னூருக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டில் ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. ஆட்களைக் குறைத்து மெஷின் இறக்க வேண்டும் என்று நிர்வாகம் துடித்தது. படித்த மனிதர் ஒருவர் பெண்களிடம்தான் குறை என்று எழுதிக் கொடுத்தால் யூனியன்காரர் வாயை அடைத்துவிடலாம். ஆராய்ச்சிக்கு எஸ்டேட் வலிய வந்து உதவியதன் சூட்சுமம் அவ்வளவுதான். ஜோவிதாவின் அம்மா இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்த எஸ்டேட் அது. அது தெரிந்தேதான் கையெழுத்துக் கேட்டார் தனசிங், அந்தப் பெரிய மனுஷர்.

சோதனை எளியது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு இடத்தில் இலை தோன்றும். அதைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கண் எங்கே போகிறது என்பதை முகத்தில் மாட்டிய கண்ணாடி பதிந்துகொள்ளும். நாற்பது பெண்களில் முப்பத்தொரு பேர் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இலையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்கள். தனசிங் உடனே கவனச் சிதறல் என்று எழுதிவிட்டார்.

ஜோவிதா அதை நம்பவில்லை. அவர் கையெழுத்துக் கேட்ட மறுநாள் காலை அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கே போனாள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தியான இசக்கியம்மாளுக்கு மாட்டிவிட்டாள்.

"எப்பவும் போலப் பறிங்கக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அங்க ஃபெயிலானவ, செடியிலயாவது பாஸாகுறேனான்னு பாரு புள்ள" என்று சிரித்தபடி இசக்கியம்மாள் செடிக்குள் இறங்கினாள்.

கண் நிற்கும் இடம் ஜோவிதாவின் மடிக்கணினியில் சிவப்புப் புள்ளியாக ஓடியது. விரல் ஒரு கொழுந்தை ஒடிக்கும்போது புள்ளி அங்கே இல்லை. அடுத்த கொழுந்தில் இருந்தது. அதைப் பறிக்கக் கை வருவதற்குள் புள்ளி அதற்கும் அடுத்ததற்குப் போயிருந்தது. அரை மணி நேரமும் அப்படியேதான். பறிப்பதை ஏன் பார்ப்பதில்லை என்று இசக்கியம்மாளிடம் கேட்டாள்.

"பறிக்கிறதையே பாத்துக்கிட்டு நின்னா கூடை எப்ப நெறயும்? முத்தல் எது, கொழுந்து எதுன்னு வெரலுக்குத் தெரியாதா?"

கவனம் இல்லையாம்! திரையிலும் அடுத்த இலையைத் தேடித்தான் அந்தக் கண்கள் முந்திப் போயிருக்கின்றன. ஜோவிதாவுக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின.

"இத நாலு பேருக்குக் காட்டட்டுமாக்கா?"

"என் கண்ணு, என் கை. யாருக்கு வேணும்னாலும் காட்டு."

தனசிங் அந்தப் பதிவை இரண்டு முறை பார்த்தார். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"சரிதான். ஆனா எஸ்டேட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேனேம்மா."

"ஏனுங்க சார், நேத்து வரைக்கும் தெரியாம எழுதுனீங்க. இனி எழுதுனா அது பொய்யிங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

"அப்ப லெட்டர்ல உன்னைப் பத்தி உள்ளபடி எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

அன்று சாயங்காலமே பதிவின் ஒரு பிரதி யூனியன் ஆபீசுக்கும் இன்னொன்று ஜெர்மனிக்கும் போனது.

வியாழக்கிழமை குன்னூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தாள். திரையில் ஆய்வகத் தலைவியான நரைத்த தலை அம்மாள் ஒரு தாளைத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் வழிகாட்டி எழுதியிருக்கிறார். நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்காதவராம். உண்மையா?"

ஜோவிதா நேராகத் திரையைப் பார்த்தாள். "உண்மைதான். தப்பென்று தெரிந்தால் நீங்கள் எழுதியதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

அந்த அம்மாள் தாளைக் கீழே வைத்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் அனுப்பிய பதிவைப் பார்த்தேன். அந்த நாற்பது பேரையும் மறுபடி எங்கள் கருவிக்கு முன்னால் உட்கார வைக்க முடியுமா?"

"முடியாது" என்றாள் ஜோவிதா. "கருவியைத் தூக்கிக்கொண்டு நாம்தான் செடிக்குப் போக வேண்டும்."

"போவோம்" என்றார் அந்த அம்மாள். "எப்போது வேலையில் சேருகிறீர்கள்?"