ஓரத்து வெள்ளை

"பூப் படம் ஏதும் இல்லையா?" என்று பல் மருத்துவர் கேட்டபோது ரலிட்ஸா தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையின் தாழ்ந்த மேசையில் நான்கு படங்களுக்குத்தான் இடம் இருந்தது. மற்றவற்றை, கீழே ஒரு சால்வையை விரித்து, அதன்மேல் அடுக்கியிருந்தாள். எல்லாமே ஆற்றுப் படங்கள். பனியில் உறைந்த டான்யூப், உறைந்த ஆற்றில் சிக்கிய சரக்குப் படகுகள், துறைமுகத்தில் கழுத்தை நீட்டி நிற்கும் பாரந்தூக்கிகள். கறுப்பும் சாம்பலும் தவிர வேறு நிறம் கிடையாது. கன்னம் வீங்கிய ஒரு நோயாளி, வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்தாலே பல்லு கூசுது" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவருக்கே சங்கடமாகி, படங்கள் ரொம்ப நன்றாக இருப்பதாகவும், ஆனால் இங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோய் வருகிறவர்கள் என்றும் சொன்னார். ரலிட்ஸா படங்களுக்கு நடுவே மெல்லிய தாளை வைத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். எழுந்திருக்கும்போது முழங்கால் சொடுக்கியது. அதைக் கேட்டு மருத்துவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

படங்கள் அவள் தம்பி ஒக்னியானுடையவை. செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கிற அச்சுப்படங்கள். அந்தத் தொழில் செய்கிற மற்றவர்கள் தகட்டிலிருந்து ஐந்தோ ஆறோ எடுத்து வைப்பார்கள். விற்க விற்க மேலும் எடுத்துக்கொள்வார்கள். ஒக்னியான் ஐம்பது என்று தீர்மானித்தால் ஐம்பதையும் உடனே எடுத்துவிடுவான். கையும் மையும் அதே சூட்டில் இருந்தால்தான் முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றாக இருக்கும் என்பான். எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே ஆணியால் ஒரு கோடு இழுத்து, இனி ஒரு படமும் எடுக்க முடியாதபடி அதைக் கொன்றுவிடுவான். பிறகு ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஓரத்து வெள்ளையில், இது ஐம்பதில் எத்தனையாவது என்று பென்சிலால் எழுதி, மறுமூலையில் கையெழுத்துப் போடுவான். ஒவ்வொரு ஐம்பதிலும் விற்றது எட்டோ பத்தோ. மிச்சம் சேர்ந்துகொண்டே போனது. முப்பது வருடத்து மிச்சம்.

ரூஸே துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவன் வேலை செய்த கிடங்கை உரிமையாளர் விற்றுவிட்டபோது அச்சு இயந்திரத்தை ஒரு பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. படங்களை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. அவை ரலிட்ஸாவின் திரைச்சீலைக் கடைக்கு வந்தன. பின்னறையில் துணிச் சுருள்கள் இருந்த அலமாரிகளில் படங்கள் ஏறின. துணிச் சுருள்கள் கடையின் முன்பக்கம் சுவரில் சாய்ந்து நின்றன. வாடிக்கையாளர்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஒருநாள் ஒரு கர்ப்பிணிப் பெண் தடுக்கி விழப்போனாள். அன்றைக்குத்தான் ரலிட்ஸா இவற்றை விற்றே தீர்வது என்று இறங்கினாள். துணி விற்கத் தெரிந்தவளுக்குப் படம் விற்கத் தெரியாதா என்று அப்போது நினைத்தாள்.

சோபியாவில் ஒரு படக்கூடத்துக்காரி விற்றுத் தருவதாக இருபது படங்களை வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு பருவம் கழித்து இருபதும் திரும்பி வந்தன. ஒன்றின் மீது காபிக் கோப்பையின் வளையம் இருந்தது. நகராட்சிக்காரர்கள் தேநீர் கொடுத்து, பரிசாகக் கொடுத்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். திருமண மண்டபக்காரர் சரக்குப் படகைப் பார்த்து, "சவப்பெட்டி மாதிரி இருக்கே" என்றார். இதில் எதுவும் ரலிட்ஸாவை அவ்வளவாக உறுத்தவில்லை. வாங்காதவர்களோடு அவளுக்குப் பழக்கம் உண்டு. அவளால் தாங்க முடியாமல் போனது வாங்க வந்தவர்களைத் தம்பி நடத்திய விதம்.

விலையை அவன் ஒரு காசு குறைக்கமாட்டான். முன்னால் முழு விலை கொடுத்து வாங்கியவன் ஏமாளியா என்று கேட்பான். வாங்கினவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருப்பார்கள் என்று அவள் சொல்வாள். கோடையில் ஆற்றுச் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் துறையில் ஒரு மடக்கு மேசை போட்டு அவனையும் உட்காரவைத்தாள். வெயில். காலையிலிருந்து யாரும் நிற்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு ஜெர்மன் அம்மாள் வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நல்ல படமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். விலையைக் கேட்டு முகம் சுளிக்கவும் இல்லை. கைப்பையைத் திறந்துகொண்டே, தன் அக்காவுக்குக் கொடுக்கப்போவதால் படத்தின் கீழே 'ரூஸேயிலிருந்து அன்புடன்' என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். ஒக்னியான் அவள் கையிலிருந்த படத்தை மெதுவாக வாங்கினான். மரியாதையான ஜெர்மனில், வாழ்த்து அட்டைகள் புகைவண்டி நிலையத்தில் கிடைக்கும் என்றான். பிறகு மேசையை மடக்கினான்.

திரும்பும் வழியில் ரலிட்ஸா சிக்னலில் காரை நிறுத்தினாள்.

"ரெண்டு வார்த்தைடா," என்றாள். "பென்சிலால ரெண்டு வார்த்தை. கை ஒடிஞ்சா போயிடும்?"

"ஒடியாது. ஆனா அப்புறம் அது என் படம் இல்ல."

"இப்ப மட்டும் யார் படம்? என் அலமாரில கெடக்கு. என் படம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஐம்பத்தொன்பது வயசு ஆளுக்கு, சாப்பாடு வேண்டாம் என்று முறைக்கிற பிள்ளையின் பிடரி இருந்தது. அன்று இரவு அவள் கணவன் திமோ, எல்லாவற்றையும் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தானாகத் தீர்ந்துவிடும் என்று சொல்ல, அவள் சாலட் கிண்ணத்தை அவன் முன்னால் சத்தம் வரும்படி வைத்தாள். தம்பியை அவள் திட்டலாம். மற்றவர்கள் திட்டக்கூடாது.

இலையுதிர்காலத்தில் வெஸெலின் வந்தார். டயர் வியாபாரத்தில் பணம் சேர்த்து, எல்லைப் பாலத்துக்குப் போகும் சாலையில் ஓட்டல் கட்டியிருந்தார். அத்தனை அறைகளுக்கும் திரைச்சீலை தைப்பது ரலிட்ஸாதான். துணியைப் பார்க்கப் பின்னறைக்கு வந்தவர், மேலே கிடந்த படத்தைத் தூக்கி, அதன் பக்கத்தில் சாம்பல் நிறத் திரைத்துணியின் முனையைப் பிடித்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

"ஒத்துப்போகுதே," என்றார். "இந்த மாதிரி எத்தன இருக்கு?"

படுக்கைவாட்டில் இருப்பவை எல்லாம் தனக்கு வேண்டும் என்றார். அறைகளுக்கு, தாழ்வாரத்துக்கு, சாப்பாட்டுக் கூடத்துக்கு. நின்றவாட்டில் இருப்பவை வேண்டாம். கட்டிலுக்கு மேல் சரிப்படாது. விலையில் அவர் பேரம் பேசவில்லை. ரலிட்ஸா மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கினாள். அப்போதுதான் அவர், படச் சட்டங்களை ஏற்கெனவே மொத்தமாகத் துருக்கியிலிருந்து வரவழைத்துவிட்டதாகவும், அவை இதைவிடச் சின்னவை என்றும் சொன்னார். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளையை விரலால் தடவிக் காட்டினார். "இது சும்மாதானே இருக்கு. நறுக்கிட்டா கச்சிதமா உக்காந்துரும்." அவர் விரல் எண்ணின் மீதும் கையெழுத்தின் மீதும் போய் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள் ரலிட்ஸா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் அவளுக்குத் தையல் ஓடவில்லை. கோபப்படுவான்; படட்டும். படங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். போனால் அலமாரியாவது மிஞ்சும். ஓரத்தை நறுக்கினால் அவன் பெயர் போகும், எண் போகும், அப்புறம் அதற்கும் செய்தித்தாளில் வெட்டியெடுத்த படத்துக்கும் வித்தியாசம் கிடையாது என்று அவளுக்கும் இத்தனை மாதத்தில் தெரிந்திருந்தது. அவனுக்காக வாதாட வேண்டிய வார்த்தைகள், அவனோடு வாதாட வேண்டிய வார்த்தைகள் இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தபோது, தட்டில் மிளகாய்த் துவையலைப் பரிமாறிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவன் ரொட்டியைத் துவையலில் தோய்த்துத் தின்று முடித்தான்.

"சரி," என்றான்.

"என்ன சரி?"

"நறுக்கச் சொல்லு. இல்ல, அவன் ஆளு கோணலா நறுக்குவான். நீயே நறுக்கு."

அவள் கரண்டியோடு நின்றாள். அவன் நிதானமாகச் சொன்னான்: இத்தனை வருடமாக வாங்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் குனிந்து எண்ணைத்தான் பார்த்தார்கள். பிறகு கையெழுத்தைப் பார்த்தார்கள். நாளைக்கு விலை ஏறுமா என்று கேட்டார்கள். "இந்த ஆளு ஒருத்தன்தான் படத்த மட்டும் கேட்டிருக்கான்."

"அவன் கேட்டது படத்த இல்லடா. கலர."

"கலரும் படத்துலதான இருக்கு."

அவளுக்குத் திடீரென்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மண்டியிட்ட தரைகள், வெயிலில் காய்ந்த துறை, நகராட்சிக்காரர்களின் தேநீர் எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த ஜெர்மன் அம்மாளுக்கு இரண்டு வார்த்தை எழுத மாட்டேன் என்றவன், யாரென்றே தெரியாத டயர்க்காரனுக்குத் தன் பெயரையே நறுக்கிக் கொடுக்கிறான். இவ்வளவு லேசாக விட முடிந்ததை அவளுக்காக ஒரு தடவை விட்டிருக்கக் கூடாதா? அதைக் கேட்டும் விட்டாள். ஒக்னியான் துவையல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கடை விடுமுறை நாளில், துணி வெட்டும் நீள மேசையைத் துடைத்து, இரும்பு அளவுகோலும் புதுக் கத்தியும் எடுத்து வைத்தாள். முதல் படத்தை மேசையில் அவனே வைத்தான். உறைந்த ஆறு. தாளின் ஓரம் கிழித்தது போல் பிசிறோடு இருந்தது; நல்ல தாளுக்கு அதுதான் அடையாளம் என்று அவன்தான் எப்போதோ சொல்லியிருந்தான். அவள் அளவுகோலை அழுத்திக் கத்தியை இழுத்தாள். துணியைவிடச் சுலபமாக வெட்டுப்பட்டது. ஒக்னியான் என்று பென்சிலில் எழுதிய கீற்று சுருண்டு கீழே விழுந்தது. நிமிர்ந்தபோது அவன் அறையில் இல்லை. பின்வாசலுக்கு வெளியே சிகரெட் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தான்; காற்று இல்லை, ஆனாலும் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது.

அவள் கதவருகில் போய் நின்றாள்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடு, ஓகி. நான் அந்த ஆள்கிட்ட பேசிக்கிறேன்."

"நிறுத்தாதக்கா," என்றான் அவன், திரும்பாமல். "நீ நிறுத்தினா நான் மனசு மாறிடுவேன். போய் வெட்டு."

அவள் திரும்பிப் போய் வெட்டினாள். தோள் மரத்துப்போகும்வரை வெட்டினாள். துணித்துண்டுகளைக் கூட்டுகிற அதே துடைப்பத்தால் கீற்றுகளைக் கூட்டி அதே சாக்கில் போட்டாள். நின்றவாட்டுப் படங்கள் அலமாரியிலேயே கிடந்தன. துணிச் சுருள்களில் பாதிதான் உள்ளே திரும்பப் போயின. மற்றவை முன்பக்கத்திலேயே நின்றன.

ஓட்டல் திறந்த பிறகு, மூன்றாம் மாடியில் ஒரு திரைச்சீலை குட்டையாக நிற்பதாக வெஸெலின் அவளைக் கூப்பிட்டார். ஒக்னியான் கேட்காமலே காரில் வந்து ஏறிக்கொண்டான். அவள் நாற்காலி மேல் ஏறி விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவன் கட்டிலுக்கு மேலிருந்த படத்தைப் பார்த்தபடி நின்றான். பளபளக்கும் கறுப்புச் சட்டம். வலதுபக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவன் ஒரு விரலால் அதை நேராக்கினான். பிறகு அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்ணிடம் போய், அடுத்த அறையைத் திறக்க முடியுமா என்று கேட்டான். திரைச்சீலைக்காரியோடு வந்தவர் என்று நினைத்து அவள் திறந்துவிட்டாள். அங்கேயும் சாய்ந்திருந்தது. ஆணி அடித்தவன் அவசரத்தில் அடித்திருக்கிறான். ஒக்னியான் ஒவ்வொரு அறையாகப் போனான். காலணியைக் கழற்றிவிட்டுக் கட்டில் மீது முழங்காலூன்றி, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, நேராக்கி, விரிப்பின் சுருக்கத்தையும் நீவிவிட்டு இறங்கினான்.

ரலிட்ஸா வேலையை முடித்து, ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். கால் வலித்தது. வீட்டுக்குப் போகலாம் என்றாள். இன்னும் ஒன்றுதான் என்றான் அவன். கடைசி அறை. கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்கியது. உள்ளே ஆள் இருக்கிறார், எந்நேரத்தில் போகிறாரோ தெரியாது என்று சொல்லிவிட்டுச் சுத்தம் செய்கிற பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"வாடா," என்றாள் ரலிட்ஸா.

அவன் வரவில்லை. கதவின் எதிரே, சுவரோடு முதுகை ஒட்டி, காலுறையோடு நின்றான். காலணியை எந்த அறையில் விட்டோம் என்று அவனுக்கே நினைவிருக்காது. அவள் மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே யாரோ இருமினார்கள், கட்டில் கிறீச்சிட்டது, மறுபடி ஆட்டத்தின் இரைச்சல். ஒக்னியான் சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்து, கதவைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கி, விரல் மடக்கிய அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.