இருபத்தாறு நிரைகள்

மயூரா பையைப் பின்சீற்றில் எறிந்துவிட்டு முன்னால் ஏறி இருந்தபோது நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோறென்ஸ்கூக்கில் மிதுனாவின் வீட்டு வாசலில் கார் நின்றது. மேற்கே, ஒஸ்லோவுக்கும் அங்கால், மேகம் கொஞ்சம் கறுத்திருந்தது. 'ஹாய் அப்பா' என்று தான் இரண்டு தரம் சொன்னதாக மகள் பிறகு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மிதுனாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். இந்த மனுசன் திருந்தாது என்கிற அவளுடைய பழைய பார்வை ஒன்றைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்களுக்கு விவாகரத்தாகி நாலு வருடம். அந்தப் பார்வை மட்டும் விவாகரத்துக்கு அகப்படாமல் தப்பிவிட்டது.

நான் ஹெலிகொப்டர் ஓட்டுகிறவன். கோயிலில் சோதிலிங்கம் அண்ணை ஆட்களுக்கு என்னைக் காட்டும்போது 'எங்கடை சேந்தன், பைலட்' என்பார். எந்த நாட்டுக்கு ஓடுறீர் தம்பி என்று அவர்கள் கேட்பார்கள். யூலையில் செர்ரிப்பழம் காயவைக்கிறேன் என்று உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். தலைமயிர் காயவைக்கிற மெசின் மாதிரியோ என்று ஒரு அக்கா கேட்டா. கேட்டது பிழையில்லை, அதுதான் வேலை. பழுக்கிற நேரம் மழை பெய்தால் பழத்தின் காம்படியில் இருக்கிற சின்னக் குழியில் தண்ணீர் தேங்கும். தோல் அதை உறிஞ்சி, ஐந்தாறு மணித்தியாலத்தில் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தை ஒருவரும் வாங்கமாட்டார்கள். வசதியுள்ள தோட்டக்காரர் மரங்களுக்கு மேலே பிளாஸ்ரிக் கூரை போட்டுவிட்டார்கள். லீயரில் எனக்கு இந்த வேலை தருகிற கிழவர் ஸ்தைனாருடைய மரங்கள் கூரைக்கு அடங்காத பழைய பெரிய மரங்கள். வெட்டவும் அந்த மனுசனுக்கு மனம் வரவில்லை. அதனால் மழை விட்ட கையோடு நான் ஏறி, மர உச்சிக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், நடக்கிற வேகத்தில், நிரை நிரையாகப் போய்வர வேண்டும். ஹெலியின் காற்று தண்ணீரை உதறிவிடும்.

வருடத்தில் மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையில் பறப்பது மிஞ்சினால் பத்து மணித்தியாலம். மிச்சமெல்லாம் மழைக்காகக் காத்திருப்பதுதான். ஹெலியை விட்டுப் பத்து நிமிட தூரத்துக்கு மேல் போகக் கூடாது, போனை அணைக்கக் கூடாது, ஒரு துளியும் குடிக்கக் கூடாது. இதற்கு நோர்வேஜியனில் பெரெட்ஸ்காப் என்று பெயர். கூப்பிட்டவுடன் ஓடுவதற்குத் தயாராக இருப்பது. மற்ற மாதங்களில் மலையில் மின்கம்பி பார்க்கிற வேலை, அதுவும் அப்படித்தான். மயூரா பிறந்த அன்று நான் வடக்கே பெரெட்ஸ்காப்பில் இருந்தேன். மிதுனா என்னோடு கடைசியாகப் பிடித்த சண்டையில் சொன்ன ஒரு வசனம் இன்னமும் காதுக்குள் நிற்கிறது. "நீங்கள் வீட்டிலை இருக்கேக்கையும் பெரெட்ஸ்காப்பிலைதான் இருக்கிறியள்." அதற்குப் பிறகு அவள் சண்டை பிடிக்கவில்லை. நானும் பெண்சாதி ஒரு மாதிரி ஆறிவிட்டாள் என்று சந்தோசப்பட்டேன். என் புத்தி அப்படி.

இந்த வருடம் மிதுனாவுக்கு, எட்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஸ்தவாங்கரில் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக விரும்பினாள். விவாகரத்துக் கடதாசிப்படி மயூரா இரண்டு பேரோடும் பாதிப் பாதி இருக்கிறவள், ஆகவே என்னுடைய சம்மதமும் வேண்டும். நான் மாட்டேன் என்றேன். குடும்ப ஆலோசனை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் அமைதியாகச் சொன்னா: பிள்ளைக்கு மே மாதம் பன்னிரண்டு முடிந்துவிட்டது, இனி அவள் சொல்வதற்குத்தான் பெரிய மதிப்பு, அவளையும் கேட்போம், ஆகஸ்ட்டில் எல்லோரும் திரும்ப இருந்து கதைப்போம். ஆகஸ்ட்டில்தான் கேட்கப்போகிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் யூலையில் இரண்டு கிழமை அவள் என்னோடு. வேறு ஆளாயிருந்தால் லீவு எடுத்திருப்பான். நான் ஸ்தைனாரிடம் இரண்டு கிழமைக்கு வேறு பைலட் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன், ஆள் இல்லை என்றார். அதோடு விட்டுவிட்டேன். அவளையும் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனால் இரண்டும் நடக்கும்தானே என்று கணக்குப் போட்டேன்.

ஸ்தைனார் முற்றத்தின் ஓரத்தில் ஒரு காரவான் தந்திருந்தார். இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, மழை பெய்தால் மத்தளம் மாதிரி அடிக்கிற கூரை. மயூரா ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழும்பித் தேத்தண்ணி போட்டாள். என்னுடைய அறுவைப் பகிடிகளுக்கெல்லாம் சிரித்தாள். புட்டு அவிக்கக் காட்டித் தரச் சொன்னாள், தேங்காய்ப்பூ இல்லாமல் அவித்த அந்த மண்ணாங்கட்டியையும் சாப்பிட்டாள். ஸ்தைனாருடைய நாயோடு நிரைகளுக்குள் ஓடினாள். இரவில் சீட்டுக்கட்டை எடுத்துக் கடுதாசி விளையாடி என்னை வேண்டுமென்றே வெல்லவிட்டாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. பிள்ளை என் பக்கம் சாய்ந்துவிட்டாள், இனி அந்த அலுவலகப் பெண் என்ன கேட்டாலும் பயமில்லை என்று படுக்கையில் கிடந்து கணக்குப் பார்த்தேன்.

வானம் மட்டும் சரியான வஞ்சகம் செய்தது. ஒவ்வொரு நாளும் மழை வரும் என்று சொல்லும், மேகம் கூடும், நாங்கள் அசையாமல் இருப்போம், பின்னேரம் ஒன்றுமில்லாமல் கலைந்து போகும். பதின்மூன்று நாள் ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்து நகரமான திரமனில் படம் பார்ப்பதாக இருந்தோம், போகவில்லை. அவளுடைய சிநேகிதி நிலூஜா ஒஸ்லோவிலிருந்து றெயினில் வருவதாக இருந்தது, ஸ்ரேசனில் போய் ஏற்ற முடியாது என்று அதையும் விட்டோம். ஒன்பதாம் நாள் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. துணிந்து அவளை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இருபத்தைந்து நிமிட ஓட்டம். அவள் தண்ணீருக்குள் இறங்கி இடுப்பளவுக்குப் போகவில்லை, போன் அடித்தது. தெற்கே மேகம் எழும்புகிறது, வா என்றார் ஸ்தைனார். கரையில் நின்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், ஏறி வந்து துவாயைச் சுற்றிக்கொண்டாள். "பரவாயில்லை, அப்பா." திரும்பி வந்து மூன்று மணித்தியாலம் இருந்தோம். மழை வரவில்லை. வேறு பிள்ளையென்றால் கதவை அடித்துச் சாத்தியிருக்கும். என்ன தங்கமான பிள்ளை என்று நான் நினைத்தேன். எதிர்பார்ப்பு இருக்கிற பிள்ளைதான் கோபிக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. மிதுனாவிடம் ஒரு தரம் படிக்கத் தவறின பாடத்தை நான் இரண்டாம் தரமும் படிக்காமல் விட்டேன்.

கடைசி நாள் சனிக்கிழமை. பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு அவளை லோறென்ஸ்கூக்கில் விடுவதாகப் பேச்சு. விடிய ஐந்து மணிக்கே மழை பிடித்துவிட்டது. பதின்மூன்று நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுகிற மழை. திங்களன்று பறிக்க இருந்த பழம், கறுத்துச் சிவந்து முற்றின பழம். ஸ்தைனார் களஞ்சிய வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எட்டரை மணிக்கும் மழை விடவில்லை. நான் பறக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு காரவானுக்குள் சின்ன மேசையில் இருந்தேன். மயூரா எதிரே மஞ்சள் மழைக்கோட்டோடு, பையை அடுக்கி முடித்துக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டே, சொல்லு பிள்ளை என்றேன்.

"என்னைப் பாருங்கோவன்."

பார்த்தேன். அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

"நான் யூனிலையே கதைச்சிட்டன், அந்த ஒஃபீசிலை. அம்மாவோடை ஸ்தவாங்கருக்குப் போறன் எண்டு சொல்லீட்டன். அப்பாக்கு நானே சொல்லுறன் எண்டு அவையிட்டைக் கேட்டனான். அவை ஓம் எண்டவை."

யூன். அப்படியென்றால் தேத்தண்ணி, புட்டு, கடுதாசி, ஏரிக்கரையில் அந்தப் பரவாயில்லை, எல்லாம் முடிவு சொன்ன பிறகு நடந்தவை. நான் அவளை வெல்லப் பாடுபட்டுக்கொண்டிருந்த பதினாலு நாளும் அவள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இந்த ரெண்டு கிழமையும் பழுதாப் போயிடும். நீங்கள் சந்தோசமா இருந்தனீங்கள்."

அப்பாவைப் பிடிக்கவில்லையோ என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். கொஞ்ச நேரம் நோர்வேஜியனில் சொன்னாள், அவளுக்கு அழுகை வந்தால் தமிழ் போய்விடும். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வடிவாக விளங்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"அம்மாவோடை இருக்கேக்க நான் ஒண்டுக்கும் காத்துக்கொண்டிருக்கிறேல்லை, அப்பா. உங்களோடை இருக்கேக்க நானும் பெரெட்ஸ்காப்பிலைதான் இருக்கிறன்."

தாயும் மகளும் பேசி வைத்துச் சொன்ன வசனம் இல்லை அது. மிதுனா சொன்ன அன்று மயூராவுக்கு எட்டு வயது, அயர்ந்த நித்திரை. அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நான் மேசைக்கு மேலால் அவளுடைய கையைப் பிடித்தேன். இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். ஸ்தவாங்கரில் எனக்கும் ஏதாவது வேலை கிடைக்கும், பஸ் ஓட்டலாம், கடையில் நிற்கலாம், வருகிறேன் பிள்ளை என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். சொன்ன நேரத்தில் அதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

"மழை விட்டிட்டுது, அப்பா."

கதவுக்கு வெளியே ஸ்தைனார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போது நான் எழும்பவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்ள விரும்புகிறேன். கிழவரைப் பார்த்து, இன்றைக்கு ஏலாது, பழம் வெடிக்கட்டும், என் பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கட்டி இழுக்கவில்லை. ஆனால் மனம் யோசிக்கத் தொடங்க முன்னமே நான் எழும்பி நின்றிருந்தேன், கை ஹெல்மெட்டைத் தேடியது. அதைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தந்தவள் மயூரா. நாற்பது நிமிடம் என்றேன், முடிச்சிட்டு வந்து இருந்து கதைப்பம் என்றேன். ஓம் என்றாள். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். இல்லை.

ஸ்தைனாருடைய தோட்டத்தில் இருபத்தாறு நிரை. முற்றத்திலிருந்து தொடங்கி ஒரு நிரை போய், அடுத்த நிரையால் திரும்பி வர வேண்டும். மேலே ஏறினால் வேறு எதையும் நினைக்க முடியாது. ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் பக்கத்துத் தோட்டத்தின் பிளாஸ்ரிக் கூரை, கீழே ஒரு கை உயரம் பிழைத்தாலும் கொப்பு முறியும். வேகம் கூடினால் தண்ணீர் போகாது, குறைந்தால் பழம் கொட்டும். காற்றுப் பட்டதும் இலைகள் வெள்ளையாகப் புரண்டு, தண்ணீர் புகையாக எழும்பியது. நன்றாகத்தான் ஓட்டினேன். கண் மறைக்கிற அளவுக்கு அழுதுகொண்டிருக்கிற ஒருவன் அவ்வளவு நன்றாக ஓட்டலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் நிரை முடிந்து முற்றத்தில் திரும்பும்போது மயூரா காரவான் வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். நாலாம் நிரையிலும் நின்றாள். ஆறிலும் எட்டிலும் நின்றாள். பத்தில் நான் ஒரு கையை எடுத்து ஆட்டினேன், அந்த உயரத்தில் செய்யக் கூடாத வேலை. அவளும் ஒரு காதை விட்டுவிட்டுக் கையை ஆட்டினாள். பன்னிரண்டு. பதினாலு. பதினாறாம் நிரை முடிந்து திரும்பியபோது வாசலில் ஆளில்லை.

தேடிப் பார்த்தேன். களஞ்சியத்தடியில் இல்லை, நாயோடு இல்லை. பிறகுதான் கண்டேன். அவள் என் காருக்குள் முன்சீற்றில் இருந்தாள். பை மடியில் இருந்தது, மஞ்சள் கோட்டுக்குக் குறுக்கே சீற் பெல்ற் இழுத்துப் போட்டிருந்தது. எனக்கு இன்னும் பத்து நிரை இருந்தது. ஹெலியின் காற்று மரத்துத் தண்ணீரை அள்ளிக் கண்ணாடியில் அடித்தது, கார் மெல்ல ஆடியது. அவள் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. சாரதி இல்லாத காரில், ஓடிக்கொண்டிருக்கிற காரில் இருப்பவளைப்போல, நேரே முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.