கார்ப்பரலின் ஆடு எங்கே போனது

ஆடு என்றால் அப்பாவித்தனம். பதினோராம் வகுப்பு ஆசிரியர் கையேட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அதை எழுதியவர் டொரண்டோவில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்; ஆட்டை நேரில் பார்த்த முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் நான் மறுபேச்சுப் பேசாமல் பலகையில் எழுதிப்போட்டேன். என் வேலை அந்த வாரம் ஊசலாடிக்கொண்டிருந்தது.

என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசி வரைக்கும்தான். பிறகு நிரந்தரமா, வந்த வழியே ரெஜைனாவுக்குத் திரும்புவதா என்பதை வியாழக்கிழமை பிரின்சிபால் டேரல் குஷ்னிர் முடிவு செய்வார். என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இருபத்தாறு கட்டங்கள் உள்ள படிவத்தை நிரப்புவார். மூன்று வருஷத்தில் இது எனக்கு நான்காவது பள்ளிக்கூடம். அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமலேயே குடித்தனம் நடத்தி எனக்கு அலுத்துப்போயிருந்தது. குளிரில் உதடு வெடிக்கும் இந்த ஊரில்கூட நிலையாக இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

பாடம், இரண்டாம் உலகப் போர்க் கதை ஒன்று. இத்தாலியில் ஒரு மலை உச்சியில் நம் கனடாக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஏழு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே ஊரில் ஒரு விதவை அவர்கள் மலையேறும்போதே தன் ஒரே ஆட்டைப் பாலுக்காக அவர்களின் தலைவனான கார்ப்பரலிடம் ஒப்படைத்திருக்கிறாள். எட்டாம் நாள் அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி வருகிறார்கள், ஆடு வரவில்லை. குண்டுச் சத்தத்தில் மிரண்டு மூடுபனிக்குள் ஓடிவிட்டது என்று கார்ப்பரல் சொல்கிறான். விதவை தலையாட்டிவிட்டு உள்ளே போகிறாள். கதை முடிந்தது. ஓடியது அப்பாவித்தனம், மூடுபனி போர், பன்னிரண்டு பேர் ஏசுவின் சீடர்கள் என்பதற்குக் கையேட்டில் தனியாக ஒரு பாராவே இருக்கிறது, அதை விடுங்கள்.

திங்கட்கிழமை கட்டுரை வாங்கினேன். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் பலகையில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். பெய்டன் வொலோஷின் மட்டும் ஐந்தே வரி எழுதியிருந்தாள். "ஆடு எங்கயும் ஓடல. தின்னுட்டாங்க. ஏழு நாள் பட்டினி கிடந்தவங்க பாட்டுப் பாடிக்கிட்டு மலை இறங்க மாட்டாங்க." அவள் வீட்டில் இருநூறு ஆடு வளர்க்கிறார்கள். நான் சிவப்பு மையில் "ஆதாரம் போதாது" என்று எழுதி இருபதுக்கு ஆறு போட்டேன். அவள் அந்தத் தாளைத் தன் லாக்கர் கதவில், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி ஒட்டி வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை டேரல் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பயமுறுத்தும் அளவுக்கு ஒழுங்காக இருந்தார்கள். ஹாக்கிக் குழுவின் கோல்கீப்பர், கோடி என்கிற பையன்கூடத் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"ஆடு காணாமல் போவது எதைக் குறிக்கிறது?" என்று கேட்டேன்.

"அப்பாவித்தனம், மிஸ்," என்று வகுப்பே சேர்ந்து ஒப்பித்தது. டேரல் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். இன்னும் இருபத்தைந்து என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பெய்டன் கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஆதாரம் கேட்டீங்கள்ல? கெடச்சுடுச்சு. அறுபத்தி மூணாம் பக்கம். 'இறங்குவதற்கு முன் கார்ப்பரல் சட்டியை மண் போட்டுத் தேய்த்துத் துடைத்தான்.' சமைக்க ஒண்ணுமே இல்லாத எடத்துல சட்டி எப்படி மிஸ் அழுக்காச்சு?"

அந்தக் கதையை நான் மூன்று பள்ளிக்கூடங்களில் நடத்தியிருக்கிறேன். சட்டியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவசரமாக அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

"நானா கண்டுபிடிக்கல, மிஸ்," என்றாள் அவள். "கட்டுரைதான் என்னுது. நேத்து திரும்பப் படிச்சப்ப, ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க. அட்டைக்கு உள்பக்கம் பேர் இருக்கு. டேரல் குஷ்னிர், ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு."

எங்கள் புத்தகங்களுக்கு என்னைவிட வயது அதிகம். யார் எந்த வருஷம் வைத்திருந்தார் என்று அட்டைக்குள் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பதினான்கு தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின.

"டேரல் சார், நீங்க இங்கதான் லெவன்த் படிச்சீங்களா?" என்றான் கோடி.

"ரெண்டு தடவை," என்றார் அவர். எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "சட்டியில வெந்தது ஆடுதான். கார்ப்பரல் புளுகுறான். அந்தம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் கேக்கல." அதற்குக் கீழே, இன்னும் அழுத்தமாக, "4/20. நாசமாப் போங்க."

வகுப்பு சிரித்து உருண்டது. டேரல் சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வரியை விரலால் ஒரு முறை தடவினார்.

"அன்னைக்கு வாத்தியார் நாலுதான் போட்டாரு," என்றார் பொதுவாக. "அதுக்கப்புறம் எந்தப் பரீட்சைலயும் நான் நெனைச்சதை எழுதினதே இல்ல. பலகைல இருந்ததை எழுதினேன். நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணும் கொறையில்ல." ஒண்ணும் குறையில்லை என்று சொல்கிற மனுஷன் அந்தப் பக்கத்தை மூடாமல் நின்றார். பிறகு பெய்டனிடம் கேட்டார், "உனக்கு எவ்வளவும்மா போட்டாங்க?"

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் என் ஆறு தெரியும், அவர் ஒருவரைத் தவிர. லாக்கர் கதவை இரண்டு நாளாகப் பார்த்தவர்கள். பெய்டன் என்னை நிதானமாக, சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பதினஞ்சு, சார்."

எதைக் கேட்டாலும் குறுக்கே பேசும் கோடி தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"பதினஞ்சா?" என்று டேரல் என் பக்கம் திரும்பினார். "நீங்களா போட்டீங்க?"

இல்லை, ஆறு என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. உண்மையாகவே இருந்தது. அந்த நொடியில் என் அட்டைப்பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன.

"ஆமா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தெரிந்து ஆட்டினாரா, தெரியாமல் ஆட்டினாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடைசி வரிசைக்குத் திரும்பிப் போய் மளமளவென்று டிக் போட்டார். மணி அடித்ததும் படிவத்தை என் மேசையில் வைத்தார். இருபத்தாறும் டிக். அடியில் "மாணவர்களைச் சொந்தமாகச் சிந்திக்க விடுகிறார்" என்று எழுதியிருந்தது. சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை.

பெய்டனை நிறுத்தினேன். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, "எதுக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகன்னு நெனைச்சுக்காதீங்க, மிஸ்," என்றாள், குளிர்கோட்டின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "இந்த வருஷம் நீங்க மூணாவது டீச்சர். வர்றவங்க எல்லாரும் மொதல்ல இந்த ஆட்டைத்தான் புடிச்சுக்கிட்டு வர்றீங்க. நீங்களும் போயிட்டா நாலாவது ஆள் வருவாங்க, நான் மறுபடியும் படிக்கணும். என்னால முடியாது."

"ஆறு போட்டது தப்பு. நான் சரியாப் படிக்கல."

"தெரியும். மாத்திடுங்க," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தேன். உண்மையாகப் போட்டால் பதினெட்டு போட வேண்டும். அந்த ஐந்து வரிக்கு அது தகும். ஆனால் டேரல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதிவேட்டைப் பார்ப்பார். பதினெட்டு என்று போட்டால் அவள் சொன்னது பொய்யாகிவிடும், நான் சொன்னதும்தான். பதினைந்து போட்டேன். அவளுக்குச் சேர வேண்டிய மூன்று மதிப்பெண்ணையும் தின்றுவிட்டு நான் இந்த ஊரில் நிரந்தரமானேன்.