செல்ஃப் எடுக்கவில்லை

என் வீட்டுக்காரர் மகாதேவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. வாய் மட்டும் சேதாரமில்லாமல் இருந்தது. வடகரையில் எங்கள் வீட்டுக் கட்டிலில் மூன்று வாரம் மாவுக்கட்டோடு கிடந்தவர், நான்காவது வாரம், "தண்ணிச் சத்தத்தக் கேட்டாத்தான் எனக்கு உசிரு வரும்" என்று ஆரம்பித்துவிட்டார். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அந்த வாயை அடைப்பதற்காகவே வண்டிச் சாவியை எடுத்தேன்.

வண்டி என்றால் பழைய டீசல் வேன். மகாதேவன் அதன் சீட்டுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குட்டிக் கழிவறை எல்லாம் வைத்து, சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் தங்குகிற கேரவனாக மாற்றியிருந்தார். ஓட்ட எனக்கு நன்றாகவே தெரியும். ஓடமாட்டேன் என்று அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. அது அவர் இலாகா, நான் தலையிட்டதில்லை.

பக்கத்து வீட்டு சுந்தரபாண்டியனும் அவர் தம்பியும் இவரை நாற்காலியோடு தூக்கி, வேனுக்குள் இருந்த கட்டிலில் கிடத்தினார்கள். ஆள் தொண்ணூறு கிலோ. இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் மூச்சு வாங்கியது. மூன்று வாரமாக நின்ற வண்டி மூன்றாவது தடவை சாவி திருப்பியதும் முனகிக்கொண்டே கிளம்பியது.

பழைய குற்றாலம் போகிற பாதையில் அவருடைய பெரியப்பா மகனின் தென்னந்தோப்பு இருக்கிறது. ரோட்டிலிருந்து சரிவில் இறங்கினால் ஓடைக்கரை வரைக்கும் வண்டி போகும். ஐப்பசி மழையால் அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள், தோப்பில் ஈ காக்காய் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்துக்கொண்டே குடித்தவர், பாதியில் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உமா, தண்ணி செவந்துட்டு. வண்டிய எடு."

குரல் அவர் குரலாகவே இல்லை. மேலே மலையில் கொட்டினால் முதலில் நிறம்தான் இறங்கி வரும், தண்ணீர் அதன் பின்னால் வரும் என்பது இந்தப் பக்கத்தில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். நான் எட்டிப் பார்த்தேன். சற்று முன் கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த ஓடை, செம்மண்ணைக் கரைத்து ஊற்றிய மாதிரி சருகுகளைச் சுழற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

டொக்கென்று எங்கோ ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடியும் டொக்.

"என்னட்டி, எடுக்கலையா?" சீட்டுக்குப் பின்னால் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"ஸ்டார்ட் ஆவ மாட்டுக்கு."

"மூசாவுக்குப் போனப் போடு."

மூசா தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் டீசல் மெக்கானிக். இந்த வேனின் ஒவ்வொரு ஆணியையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடியவன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"மூசா, ஓடைக்கரையில மாட்டிக்கிட்டோம். வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டுக்கு. தண்ணி வருது."

"பதறாதிய மதினி. எத்தன நாளா நின்னுச்சு? மூணு வாரமா? அப்ப லைன்ல காத்து புடிச்சிருக்கும். பானெட்டத் தூக்குங்க. டீசல் ஃபில்டர் தலையில ஒரு அமுக்குற பம்ப் இருக்கும். அது இறுகுத வரைக்கும் கையால அமுக்குங்க. பொறவு சாவியப் போடுங்க."

இறங்கினேன். கணுக்கால் வரை தண்ணீர். பானெட்டைத் தூக்கி, மழையில் நனைந்துகொண்டு அந்தப் பம்பை அமுக்கினேன், அமுக்கினேன், கை மரத்துப்போகும் வரை அமுக்கினேன். அது முதலிலிருந்தே கெட்டியாகத்தான் இருந்தது. நான்தான் இன்னும் இறுக வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு அமுக்கியபடி இருந்தேன். நிமிர்ந்தபோது தண்ணீர் ஆடுசதையில் குளிர்ந்தது. ஓடிவந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டொக்.

"ஸ்டார்ட் ஆவல மூசா!"

"என்ன மதினி சொல்லுதிய? வண்டி எப்பிடிச் சுத்துது? சத்தம் எனக்குக் கேக்கலையே."

"எங்க சுத்துது? ஒரு சத்தமும் இல்ல. டொக்குங்கு, அதோட சரி."

தலையில் அடித்துக்கொள்கிற குரலில் கேட்டான். "அப்ப செல்ஃபே எடுக்கலியா? மதினி, செல்ஃப் எடுத்து, இன்ஜின் சுத்தியும் வண்டி புடிக்கலன்னா டீசலு. செல்ஃபே எடுக்கலன்னா கரண்டு. அத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு வருசமாக நான் ஒரே ஒரு சொல்தான் வைத்திருக்கிறேன். கிளம்பினால் 'ஸ்டார்ட் ஆயிட்டு', கிளம்பாவிட்டால் 'ஸ்டார்ட் ஆவல'. அந்த ஒரு சொல்லில் பத்து நிமிடம் தண்ணீரோடு போய்விட்டது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சரி, லைட்டப் போடுங்க" என்றான் மூசா. "போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட்டு மங்குதான்னு பாருங்க."

தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டேன். திருப்பினேன். விளக்கு அசையவில்லை.

"பளிச்சுன்னு எரியுது."

"அப்ப பேட்டரிக்கு நோக்காடு இல்ல. இன்ஜினச் சுத்திவிடுத செல்ஃப் மோட்டாருதான் சிக்கிக்கிட்டு நிக்கி. வண்டிக்குக் கீழ படுத்து, இரும்பு ராடால அத நாலு தட்டுத் தட்டணும்."

"கீழ எங்கன படுக்க? டயர் பாதி முங்கிட்டு!"

"யா அல்லா" என்றான் மூசா. அதுவரை அவன் பயப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நான் கெளம்பிட்டேன் மதினி. இருவது நிமிசம். அண்ணாச்சிய எப்பிடியாச்சும் மேட்டுக்கு ஏத்திருங்க."

தீயணைப்புக்குப் பேசினேன். புறப்பட்டுவிட்டார்கள், ஆனால் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம், அதை அறுத்துவிட்டுத்தான் வர முடியுமாம். திரையை விலக்கி உள்ளே போனேன். அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தேன். கட்டிலின் விளிம்பு வரை வந்தார். அதற்கு மேல் முடியவில்லை. மாவுக்கட்டுக் கால் தொப்பென்று விழ, அவர் அலறினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவிடுக்கு வழியே செந்தண்ணீர் நூலாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"உமா, நீ எறங்கிப் போயிரு."

"சும்மா கெடங்க."

"மூசா வந்துருவான். நீ மேட்டுல நின்னு கையக் காட்டு. இங்கன ரெண்டு பேரா இருந்து என்ன செய்யப் போறோம்? பிள்ளைக்கு ஒரு ஆளாச்சும் வேணும்லா."

எங்கள் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளைப் பேச்சில் இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. திரையைத் தாண்டி முன்னால் வந்தேன். இன்னொரு தடவை திருப்பிப் பார்க்கத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்வேன். ஆனால் என் கை சாவியை உருவியது, இன்னொரு கை கதவைத் திறந்தது.

நான் போனேன். இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் விஷயம் இதுதான். கதவைச் சாத்திவிட்டு, முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் ஒவ்வொரு தென்னையாகப் பிடித்துப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் சரிவுக்குப் போனேன். பத்துப் பதினைந்து எட்டு இருக்கும். காலுக்குக் கீழே தரை கெட்டியானது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம்தான் திரும்பினேன். வேன் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் படுத்திருந்தது மங்கலாகத் தெரிந்தது. சுற்றிலும் தண்ணீர் சக்கரங்களை மூடிக்கொண்டு நுரைத்தது. ஒரு தென்னமட்டை வந்து வேனில் இடித்து, ஒதுங்கிப் போனது. என் உள்ளங்கையில் சாவி உறுத்தியது. அவருக்கு வண்டியைக் கிளப்பத் தெரியும், எழுந்திருக்க முடியாது. எனக்கு எழுந்து நடக்க முடியும், சாவியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "நாசமாப் போறவளே" என்று என்னையே வைதுகொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினேன். இந்தத் தடவை அது தொடையில் அறைந்தது.

சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். சாவியைப் போட்டேன். முன்னால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் வந்தன. திருப்பினேன். டொக். சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. தலைக்கு மேலே விளக்கோ ஒன்றுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க!" கத்தினேன். "மேல லைட்டு அப்பிடியே எரியுது. முன்னால உள்ளதெல்லாம் செத்துப்போவுது. அது எப்பிடி?"

"மேல உள்ளது என் கட்டிலுக்குக் கீழ இருக்க பேட்டரில்லா! ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனியா வச்சது. வண்டிக்கு உள்ள பேட்டரி உன் பக்கத்து சீட்டுக்கு அடியில கெடக்கு." அவர் குரலுக்கு உயிர் வந்துவிட்டது. "மூசாட்ட எந்த லைட்டச் சொன்ன?"

"மேல உள்ளத."

"போச்சு! ஏட்டி, சீட்டத் தூக்கு. டெர்மினலப் பாரு, லூசா இருக்கான்னு பாரு."

சீட்டைத் தூக்கினேன். போன் வெளிச்சத்தில் பேட்டரி தெரிந்தது. இரண்டு முனைகளிலும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து வெடித்த அப்பல். அதன் ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம்.

கால் ஒடிவதற்கு முந்தி, ஆயுதபூஜை அன்றைக்கு இவர் டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த என்னிடம், "இதுதான் வண்டிக்கு உசிரு, இதுக்கும் வைம்மா" என்றார். நான் பக்தியோடு சந்தனத்தைக் குழைத்து, இரண்டு ஈய முனைகளிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அதை அழிக்க மனம் வராமல் அவர் அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முடுக்கிவிட்டார். சாமிக்கு வைத்த சந்தனம் கரண்டு பாயவிடாமல் சுவர் மாதிரி இடையில் காய்ந்து நின்றது.

"சந்தனம்" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "முருகா" என்றார். பிறகு மளமளவென்று சொன்னார். "என் தலைமாட்டுல டூல்ஸ் பெட்டி இருக்கு. பத்தாம் நம்பர் ஸ்பானர். மைனச மொதல்ல கழட்டு. ப்ளஸ்ஸக் கழட்டும்போது ஸ்பானர் தகரத்துல படக்கூடாது. பைய செய்யி."

பைய எங்கே செய்ய? ஸ்பானர் இரண்டு தடவை காலடியில் தேங்கிய தண்ணீருக்குள் விழுந்தது. அடுப்படிக் கத்தியால் சந்தனத்தைச் சுரண்டினேன். குங்குமம் விரலெல்லாம் ஒட்டியது. கெட்டது எதுவும் வரக்கூடாதென்று வைத்ததைக் கத்தியால் சுரண்டுகிறோமே என்று அந்த நேரத்திலும் மனசு அடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். ஈயம் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி ஒரு முறை லேசாக மிதந்து பக்கவாட்டில் நகர்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. நான் வாய்விட்டு அழுதுகொண்டே முடுக்கினேன்.

சாவி. திருப்பினேன்.

செல்ஃப் எடுத்தது. கர்ர்ரென்று இன்ஜின் சுற்றி, ஒரு தும்மல் போட்டுப் பிடித்துக்கொண்டது. இனி அந்தச் சத்தத்துக்கு என்ன பெயரென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"ஃபர்ஸ்ட்ல போடு. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துராத, புகைக்குழாயில தண்ணி ஏறிரும்" என்று அவர் கத்தினார். பின் சக்கரம் ஒரு இடத்தில் வெறுமனே சுழன்றது. அந்த ஒரு நிமிடம் நான் செத்தேன். பிறகு சக்கரம் ஏதோ வேரைப் பிடித்துக்கொண்டது. தென்னைகளுக்கு நடுவே வளைத்து, சரிவில் உறுமி, ரோட்டில் ஏறி நின்றோம். கண்ணாடியில் பார்த்தால் நாங்கள் நின்ற இடத்தில் ஓடைதான் இருந்தது.

தீயணைப்பு வண்டியும் மூசாவின் பைக்கும் ஒன்றுபோல வந்தன. தீயணைப்புக்காரர்கள் எல்லாம் சரிபார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகு மூசா மட்டும் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ஒன் மதினி மாதிரி ஒருத்தி கெடையாதுடே" என்று மகாதேவன் அவனிடம் சொன்னார். "போயிருன்னு தலையில அடிச்சு சொன்னேன். ஒரு எட்டு நகரல தெரியுமா?"

மூசா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு உடம்பு கூசியது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு திரையை விலக்கி அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

"நான் போனேங்க" என்றேன். "மேடு வரைக்கும் போயிட்டேன். ஒங்கள விட்டுட்டுத்தான் போனேன்."

அவர் என் கையை எடுத்து, விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு. பொழச்சிக்கிட்டா, நல்லாருக்கட்டும்னு நெனச்சேன். அப்ப எனக்குப் பயமே இல்ல உமா." அந்த ஓயாத வாய் கோணியது.

"ரெண்டாவது தடவ கதவு சாத்துச்சு பாரு. அப்பந்தான் பயந்தேன்."